நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று

சயான் நிலையத்துக்கு வெளியே
கடைக்காரர் உறையைப் பிரிக்க விடவில்லை.
வாங்கினால் பிரித்துக்கொள் என்றார்.
நூற்றைம்பது ரூபாய்.
மழையில் நின்றபடியே பிரித்தேன்.

முதலில் கண்ணில் படுவது ரயோமந்தின் தாடை.
இடப்பக்கம் முழுக்க அவன்தான்,
ஓரம் விடாமல்
மூன்று புறமும் தாளைத் தாண்டி வழிகிறான்.
நெற்றியை வெட்டியிருக்கிறார்கள், தெரிந்தேதான்.
நெற்றி போன முகம்
மூச்சு படும் தூரத்துக்கு வந்துவிடும்
என்று கேதகி ஒருமுறை சொன்னாள்.
பக்கங்களை அடுக்கியவள் அவள்.

தலைப்பு மஞ்சளில்.
நம்மூர் டாக்ஸிக் கூரையின் மஞ்சள்.
எழுத்துகள் அவன் வாயோரம் கிளம்பி
வலப்பக்கம் நோக்கிச் சாய்ந்து
பெருத்துக்கொண்டே போகின்றன;
கடைசி எழுத்து பாதி தாளுக்கு வெளியே விழுந்துவிட்டது.
சத்தத்தை வரைவதென்றால் இப்படித்தான் போலிருக்கிறது.
நன்றாகத்தான் இருக்கிறது,
ஒத்துக்கொள்கிறேன்.

லின்டன் கீழே மூலையில்,
பக்க எண்ணுக்கு மேல், தபால்தலை அளவில்.
டிரம்ஸ்காரனை எவ்வளவு சிறிதாகப் போட்டாலும்
கேட்டுவிடும்.
சிவப்புச் சட்டை வேறு.

கட்டுரை மூன்று பத்தி அகலம்.
நடுவே பிடுங்கிப் பெரிதாக்கிய ஒரு வாசகம்:
"நாங்கள் தாராவியின் சத்தம்."
ரயோமந்த் தாதர் பார்சி காலனி.
லின்டன் பாந்த்ரா.
தாராவியில் இருப்பவள் நான்,
தொண்ணூறடிச் சாலை, சர்ச்சுக்குப் பின்சந்து.
நான் அப்படிச் சொல்லவில்லை.

நான் எங்கே?

பொடி எழுத்தில் படக்குறிப்பு:
இடமிருந்து வலம், ரயோமந்த், தபிதா, லின்டன்.
என் பெயரில் ஓர் எச் குறைகிறது, போகட்டும்.
இருவருக்கும் நடுவில் தேடினேன்.
நடுவில் மடிப்பு.
இந்தப் பக்கம் முடிகிற இடத்தில் ஒரு தோள்,
அந்தப் பக்கம் தொடங்குகிற இடத்தில் ஒரு கம்மல்,
பிறகு என் பேஸ் கிட்டாரின் நீண்ட கழுத்து,
யாரோ விட்டுவிட்டுப் போனது மாதிரி.
மிச்சம் பசைக்குள்.

கேதகிக்கு ஃபோன் போட்டேன்.
கண் இடப்புறம் மேலே நுழையும்,
வலப்புறம் கீழே வெளியேறும், என்று ஆரம்பித்தாள்.
நான் பேசவில்லை.
அவளும் நிறுத்தினாள்.
ஒரு ரயில் போய் முடிந்தது.
"திரையில் மடிப்பு கிடையாது, தபிதா.
திரையில் நீதான் நடுவில் இருந்தாய்."

வலப்பக்கத்தின் மேல்பாதி வெறும் வெள்ளை.
ஒரு சொல் இல்லை, ஒரு கோடு இல்லை.
அவ்வளவு இடத்தில் இரண்டு ஹெட்ஃபோன் விற்றிருப்பேன் என்று
விளம்பரக்காரர் புலம்பினாராம்.
சண்டை போட்டு வாங்கிய வெள்ளை, என்றாள்.
அது இல்லாவிட்டால் மஞ்சள் வெறும் கூச்சல்.
அதை நீ எனக்குச் சொல்ல வேண்டாம்.
நாலு எண்ணிக்கையில் மூன்றாவதை
வாசிக்காமல் விடுவதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

வீட்டுக்கு வந்து
முதுகுப்புறம் துண்டு விரித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தேன்.
பசை இளகியது.
வெந்த பிளாஸ்டிக் வாடைக்கு
எதிர்வீட்டு மேரிகில்டா ஜன்னலைச் சாத்தினாள்.
நாற்பத்திரண்டு தனியே வந்தது,
நாற்பத்து மூன்று தனியே வந்தது.
விளிம்போடு விளிம்பு சேர்த்து வைத்தேன்.

விரல் அகலத்துக்கு நான்.

பாதி முகம். மூடிய கண்.
கம்பிகளைச் சுண்டும் வலக்கை
சுண்டவில்லை.
நாலு கம்பிமேலும் மட்டமாகக் கிடக்கிறது,
அதிர்வை அடக்கும் கை.
சிவ்ரி கிடங்கில் அந்த மதியம்
ரயோமந்த் உச்சத்தில் கத்திக்கொண்டிருந்தபோது
வெளிச்சம் வெட்டியது நினைவிருக்கிறது.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.
எந்த எண்ணில் என்பதுதான் தெரியவில்லை.

கேதகிக்குச் செய்தி அனுப்பினேன்:
அடுத்த முறை மடிப்புக்கு
இரண்டு பக்கமும் ஐந்து மில்லிமீட்டர் விடு.

போதுமா, என்று கேட்டிருக்கிறாள்.

பதில் இன்னும் போடவில்லை.